நடுப்பலகையில் ஈரம்

இதை நம்பச் சொல்லி மைதிலி யாரையும் கேட்டதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை பார்க்கிறவள் அவள். ஒரு சாமானைக் கண்ணால் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிட மாட்டாள். அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். அப்படிப்பட்டவள் போன வருஷம் கத்திரி வெயிலில் தனக்கு நடந்ததை ஒரே ஒரு முறை சொன்னாள். அதன்பிறகு யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

ராத்திரியில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று தள்ளிவிடலாம். நடந்தது பட்டப்பகலில். உச்சி வெயிலில்.

அவள் கணவன் சந்தோஷுக்குத் திருமழிசையில் ஒரு ஃபைபர் ஷெட் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, பூங்காக்களில் வைக்கிற சறுக்குமரம்... இதெல்லாம் அங்கே தயாராகும். கொஞ்ச காலம் துறைமுகத்துப் பக்கம் பாய்மரப் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டப் போய்வந்தவன் அவன். அங்கேயே ஓட்டவும் கற்றுக்கொண்டான். பிறகு மைதிலிக்கும் கற்றுக்கொடுத்தான். அப்போது பிடித்த பைத்தியம்தான். மூன்று வருஷம், வேலை முடிந்த பிறகு, சொந்தமாக ஒரு பாய்மரப் படகு கட்டினான். பதினாறு அடி நீளம்.

டீக்கடையில் கேலி செய்யாதவன் கிடையாது.

“இன்னா மாமே, பூந்தமல்லிக்குக் கடல் வருதா? சொல்லவே இல்ல?”

சந்தோஷ் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் காவ்யாவை முத்தாபுதுப்பேட்டையில் மைதிலியின் தங்கை ராதிகா வீட்டில் விட்டார்கள். ஷெட்டில் வேலை பார்க்கும் லோகேஷ் மினி லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்தான். காட்டுப்பள்ளி தாண்டி, பக்கிங்காம் கால்வாய் அகலமாக இருக்கிற ஓரிடத்தில் இறக்கினார்கள். அங்கிருந்து கால்வாயிலேயே வடக்கே போய்ப் பழவேற்காட்டில் கரையேறுவது என்று திட்டம். லோகேஷ் சாலை வழியாகப் போய் அங்கே காத்திருப்பான்.

படகின் வெளிப்பக்கத்தில் சுற்றிலும் சந்தோஷ் ஒரு சிவப்புக் கோடு வரைந்திருந்தான். இரண்டு பேரும் அவர்கள் சாமானும் ஏறினால் தண்ணீர் அந்தக் கோட்டில் வந்து நிற்க வேண்டும் என்பது அவன் போட்ட கணக்கு. ஏறி உட்கார்ந்தார்கள். தண்ணீர் கோட்டைத் தொட்டு நின்றது. ஒரு விரல் கூட இல்லை, ஒரு விரல் குறைய இல்லை.

“பாத்தியா?” என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

காலை முழுக்க நல்ல காற்று. இரண்டு கரையிலும் சவுக்கும் முள்செடியும் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. கொக்கு, நாரை, கடற்காகம் என்று கண் போகிற இடமெல்லாம் பறவை. தன் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலை அதுதான் என்கிறாள் மைதிலி.

மணி பன்னிரண்டு ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் காற்று நின்றது.

குறையவில்லை. நின்றது. ஃபேன் சுவிட்சை அணைத்தால்கூடக் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். இது அப்படியில்லை. பாய் துவண்டு தொங்கியது.

அந்த இடத்தில் தண்ணீர் ஏரிபோல் விரிந்திருந்தது. மேற்குக் கரையில் கைவிட்டுப்போன உப்பளம். கூரையில்லாத ஒரு கட்டடம். அதன் முன்னால் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த பழைய சிமெண்ட் துறை. கிழக்கே ரொம்ப தூரத்தில் தென்னைகளும் சில வீடுகளும் தெரிந்தன.

“கடல்காத்து வர வரைக்கும் இங்க கட்டிப் போட்டுக்கலாம். சோறு துன்னுட்டு கெளம்பலாம்,” என்றான் சந்தோஷ்.

துடுப்பு போட்டுத் துறையை ஒட்டினார்கள். துருப்பிடித்த இரும்புக் கம்பம் ஒன்றில் கயிற்றைக் கட்டினான். பக்கத்துக் கம்பத்தில் ஏற்கெனவே ஒரு கயிறு கட்டியிருந்தது. பாசி படிந்த பழைய கயிறு. அது நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது.

விறைப்பாக.

அலையில்லாத தண்ணீரில் அந்தக் கயிறு மட்டும் லேசாக இழுபட்டது... தளர்ந்தது... மறுபடியும் இழுபட்டது. கட்டிப்போட்ட படகு கயிற்றை இழுக்குமே, அதேபோல. ஆனால் மேலே படகு இல்லை.

சந்தோஷ் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

“கீழ ஏதாச்சும் கட்டைல மாட்டிக்கினு இருக்கும்,” என்றான்.

பாயை அவிழ்த்துப் படகுக்கு மேலே கூரைபோல் கட்டினார்கள். அந்த நிழலில் உட்கார்ந்து மைதிலி டிபன் டப்பாவைத் திறந்தாள். விடியற்காலையில் எழுந்து செய்த எறா தொக்கு. மூடியைத் திறந்தால் தெருவே மணக்க வேண்டும். வாசனையே வரவில்லை. சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். உப்பில்லை. புளிப்பில்லை. காரமில்லை. பஞ்சை மெல்வதுபோல் இருந்தது.

“உப்பு போடலியா?” என்றான் சந்தோஷ்.

“காலைல ருசி பாத்துட்டுதாங்க எடுத்து வெச்சேன்.”

அவன் டப்பாவை மூடினான். அப்போதுதான் அவள் இன்னொன்றைக் கவனித்தாள். வழியெல்லாம் கூட்டம் கூட்டமாக வந்த பறவைகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. தூரத்தில் இருந்தன. உப்பளத்தின் பக்கம் மட்டும் வானம் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது.

வெயிலின் சத்தம் என்று ஒன்று இருக்கிறது. காதுக்குள் ரீங்காரம்போலக் கேட்கும். அது மட்டும்தான் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து...

டொக்.

படகின் அடிப்பக்கத்திலிருந்து.

டொக்... டொக்...

“மடவை மீனு முட்டுது,” என்றான் சந்தோஷ், கண்ணைத் திறக்காமல்.

மீன் முட்டினால் ஒரு முறை முட்டும். ஓடிவிடும். இது நகர்ந்தது. முன்பக்கத்தில் தொடங்கி, நடுவுக்கு வந்து, பின்பக்கம் அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே வந்தது. இருட்டில் ஒருவர் சுவரைத் தட்டித் தட்டிக் கதவைத் தேடுவதுபோல.

பிறகு நின்றுவிட்டது.

மைதிலி துறைப் பக்கம் திரும்பினாள். அந்தப் பழைய கயிறு தொய்ந்து கிடந்தது.

“இன்னாங்க... அந்தக் கயிறு.”

சந்தோஷ் எழுந்தான். கையை நீட்டி இழுத்தான். இப்போது சுலபமாக வந்தது. இழுக்க இழுக்க வந்தது. கடைசியில் நுனியும் வந்தது. அறுந்த நுனி இல்லை அது. நார் பிரியவில்லை. முடிச்சுப் போட்டிருந்த இடம் வளைந்தபடியே இருந்தது.

யாரோ இப்போதுதான் அவிழ்த்துவிட்டதுபோல.

அவன் கயிற்றைக் கையிலிருந்து விட்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “கெளம்பலாம்,” என்றான்.

பாயைத் திரும்ப ஏற்றினார்கள். அவன் பாய்மரத்தின் பக்கத்தில் முன்பலகையில் உட்கார்ந்தான். அவள் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் காலியான நடுப்பலகை. இன்னும் காற்று வரவில்லை.

படகு இடப்பக்கம் சாய்ந்தது.

நிமிர்ந்தது.

மறுபடியும் சாய்ந்தது... நிமிர்ந்தது. மறுபடியும்... மறுபடியும்...

“நீங்க அசைஞ்சீங்களா?”

“இல்லியே. நீ?”

“இல்ல.”

கரையில் நின்று ஒவ்வொருவராக ஏறினால் படகு எப்படி ஆடுமோ அப்படி ஆடியது. பிறகு அடங்கியது. நடுப்பலகையில் ஈரம் இருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் கைவைத்தால் சுடுகிற மாதிரி இருந்த பலகை அது. அந்த வெயிலிலும் ஈரம் காயவில்லை. பரவியது.

அப்போது காற்று வந்தது.

கடல்காற்று. கிழக்கிலிருந்து. மணி இரண்டேகால் என்று சந்தோஷ் போனில் பார்த்தான். கயிற்றை அவிழ்த்து வடக்கே திருப்பினார்கள். பாய் புடைத்தது. நல்ல காற்றுதான். ஆனால் படகு போகவில்லை. சேற்றில் மாட்டிய மாடுபோல் திணறியது. மைதிலி எட்டி வெளிப்பக்கம் பார்த்தாள்.

சிவப்புக் கோடு தெரியவில்லை.

“கோடு முங்கிடுச்சிங்க.”

“இன்னாது?”

“ஒரு சாண் முங்கி கீது.”

அவன் குனிந்து அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தான். ஓட்டை விழுந்திருந்தால் உள்ளே தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். உள்ளே காய்ந்து கிடந்தது. தடவிப் பார்த்தான். கையில் தூசிதான் ஒட்டியது.

தண்ணீர்க் கேனை எடுத்து வெளியே போட்டான். நங்கூரத்தைப் போட்டான். டூல்ஸ் பெட்டியையும் போட்டான். மூன்று வருஷம் சேர்த்த டூல்ஸ் அது. படகு ஒரு விரலும் எழும்பவில்லை. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் இன்னும் அரையடிதான் இருந்தது. சின்ன அலை வந்தாலும் உள்ளே வந்துவிடும்.

மைதிலிக்குக் காவ்யாவின் ஞாபகம் வந்தது. ராதிகா வீட்டு வாசலில், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு டாட்டா காட்டினாளே...

“கரைக்குத் திருப்பு,” என்றான் சந்தோஷ். “மேக்கால திருப்பு.”

திருப்பினாள். சுக்கான் திரும்பியது. படகு திரும்பவில்லை.

அவன் பாய்க் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். முதுகை அவளுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. இடது தோளை ஒருமுறை உதறினான். மறுபடியும் உதறினான்.

பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

“மைதிலி, தோள்ல கைய வெக்காத. கயிறு இசுக்க முடியல.”

தோளை இன்னும் பலமாக உதறினான்.

“மைதிலி... சொல்றேன்ல? கைய எடு.”

அவளுடைய இரண்டு கையும் சுக்கானில் இருந்தன. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் நீளம் இடைவெளி.

“நான் இங்க கீறேங்க,” என்றாள்.

குரல் எங்கிருந்து வருகிறது என்பது அவனுக்குப் புரிந்தது. முதுகு விறைத்தது. மெதுவாகத் திரும்பினான். முதலில் அவளைப் பார்த்தான். பிறகு தன் தோளைப் பார்த்தான்.

தோளில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வெள்ளையாக உப்புத் திட்டு. விரல் விரலாக.

ஒரு கையின் அளவில் இல்லை.

பல கை.

அவன் கையிலிருந்து கயிறு நழுவியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. விளிம்பைத் தாண்டி முதல் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது.

கத்த வேண்டும்போல்தான் இருந்தது அவளுக்கு. குதித்துவிடலாமா என்றும் தோன்றியது. ஆனால் எங்கிருந்தோ ஒரு நிதானம் வந்தது. ஏன் வந்தது என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. ஆவடி வழியாகத் தினமும் ஷேர் ஆட்டோவில் கம்பெனிக்குப் போய்வருகிறவள். நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறவர்களை டிரைவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அது தானாக அவள் வாயில் வந்தது.

“எங்க எறங்கணும்?”

நடுப்பலகையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

பாய் அடித்துக்கொள்வது நின்றது.

“சொல்லுங்க. எங்க எறங்கணும்னாலும் எறக்கி உட்டுடறேன். எனக்குச் சின்னப் பொண்ணு ஒண்ணு கீது.”

சுக்கான் அவள் கைக்குள் திரும்பியது. அவள் திருப்பவில்லை.

படகு கிழக்கே திரும்பியது. காற்று கிழக்கிலிருந்து நேராக முகத்தில் அடித்தது. எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிராகப் போகாது. சந்தோஷுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

போனது.

வேகமாகப் போனது.

தென்னைகள் கிட்டே வந்தன. வீடுகள் கிட்டே வந்தன. உடைந்த படித்துறை ஒன்று. ஆள் நடமாட்டம் இல்லை. எல்லோரும் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கிற நேரம்.

படகு படியில் உரசி நின்றது.

வலப்பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது.

சாய்ந்தது. நிமிர்ந்தது.

படியில் ஒரு ஈரப் பாதம் விழுந்தது.

இன்னொன்று.

சின்னப் பாதங்கள். பெண்களுடையவை.

ஒன்றன்பின் ஒன்றாக... மேலே ஏறி... வீடுகளின் பக்கம்...

மைதிலி கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது படகு தக்கைபோல் மிதந்தது. சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. படியில் ஈரம் காய்ந்து, உப்பு மட்டும் வெள்ளையாக நின்றது.

படகைத் தள்ளினார்கள். பழவேற்காடு வரை எங்கும் நிற்கவில்லை. அங்கே லோகேஷ் காத்திருந்தான். படகைக் கரையேற்ற உத்தமன் என்கிற மீனவர் ஒருவரும் கை கொடுத்தார். ஃபைபர் வேலையைப் பார்த்து அசந்துபோய் சந்தோஷிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டார். சந்தோஷ் நம்பரை இரண்டு முறை தப்பாகச் சொன்னான்.

பாரிவாக்கத்து வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையை மைதிலி எரித்துவிட்டாள். படகை ஷெட்டின் பின்னால் கவிழ்த்துப் போட்டு, தார்ப்பாய் மூடினார்கள். ஒரு மாதம் போனது. காவ்யாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். வெயில் வேளையில் கண்ட ஏதோ மயக்கம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக்கூடத் தொடங்கியிருந்தார்கள்.

ஆடி பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை உத்தமன் திருமழிசைக்கு வந்தார். அவருடைய படகில் கீறல். ஒட்டித்தர முடியுமா என்று கேட்க வந்திருந்தார். மைதிலிக்கு அன்று லீவு. ஷெட்டில்தான் இருந்தாள். டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். பேச்சுக்கு நடுவே உத்தமன் கேட்டார்.

“அன்னிக்கு நீங்க வழில எங்கியும் நிக்கலியே, தம்பி? பழைய உப்பளத்தாண்ட?”

“இல்லண்ணே,” என்றான் சந்தோஷ் உடனே.

“நல்லதாப் போச்சு. அந்தத் துறைல நாங்க யாரும் படகு கட்ட மாட்டோம். முப்பது வருஷத்துக்கு மேல ஆவுது.”

சந்தோஷ் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“உப்பளத்துக்குக் கூலிக்குப் போன பொம்பளைங்க. வேலை முடிஞ்சி அக்கரைல கீற எங்க ஊருக்குத் திரும்பச் சொல்லோ படகு முங்கிடுச்சு. ஒருத்தியும் பொழைக்கல. பொணமெல்லாம் கெடைச்சுது, படகுதான் கெடைக்கல. ஓட்டிக்கினு வந்த ஜெகதீசன் மட்டும் நீந்தி வந்துட்டாரு. தோளைப் புடிச்ச கையெல்லாம் ஒதறி உட்டுட்டு வந்தாருன்னு ஊர்ல பேச்சு. அதுக்கப்புறம் மனுசன் தண்ணியாண்ட போனதே இல்ல. குளிக்கறதுகூட ஊட்டு உள்ள, ஒரு பக்கெட்ல.”

டீயை ஒரு வாய் குடித்தார்.

“நீங்க வந்த அதே ஞாயித்துக்கெழமதான் செத்துப் போனாரு. மத்தியானம், கட்டில்ல படுத்தமேனிக்கு. ஆஸ்பத்திரில அறுத்துப் பாத்தாங்க. நெஞ்சு நெறைய தண்ணி. உப்புத் தண்ணி. கட்டிலு காஞ்சி கீது. தரை காஞ்சி கீது. வாசப்படியில மட்டும் உப்பு பூத்து இருந்துது.”

வெளியே நெடுஞ்சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“மருமவப் பொண்ணு அடுப்பாண்ட இருந்துச்சாம். மாமனாரு யார்கிட்டயோ பேசற மாதிரி கேட்டுச்சாம். ‘வந்துட்டீங்களா? யாரு இட்டுக்கினு வந்தது?’ன்னாராம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லியாம். அப்புறம், ‘மைதிலியா? எந்த மைதிலி?’ன்னாராம். அவ்ளோதான்.”

உத்தமன் தம்ளரைக் கீழே வைத்தார்.

“எங்க ஊர்ல அந்தப் பேர்ல யாரும் கெடையாது. அந்த ஊட்டு ஆளுங்க இன்னும் விசாரிச்சிக்கினு கீறாங்க.” அவர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார். “பாரு, உன் கையால டீயும் குடிச்சிட்டேன்... தங்கச்சி பேரு இன்னா?”

மைதிலி வாயைத் திறந்தாள்.

“சரசா,” என்றான் சந்தோஷ்.